கார்ல் என்றொரு பேர்

கி.பி. 789. எல்பே ஆற்றின் மேல் இரண்டு பாலங்கள் எழுந்தன. ஒன்றுக்கு இரு முனைகளிலும் மரமும் மண்ணும் கொண்டு கொத்தளம் கட்டிக் காவல் வைத்தார்கள். ஃபிராங்கியரும் சாக்சனியரும் பாலத்தின் வழியே அக்கரை சேர்ந்தார்கள். ஃப்ரீசியர் படகேறி ஹாவெல் ஆற்றின் வழியாக வந்து கலந்துகொண்டார்கள். அக்கரையில் இருந்தவர்கள் வெலெத்தியர் என்னும் ஸ்லாவியக் குலத்தார். அவர்கள் தலைவர் டிராகவித் வயதில் மூத்தவர். சுற்றுவட்டாரத்துச் சிறு தலைவர்கள் எல்லோரும் மதித்த பெரியவர். படை தன் கோட்டை வாசலில் வந்து நின்றதும் அவர் வெளியே வந்து பணிந்தார், பிணையாட்களைக் கொடுத்தார். மற்றத் தலைவர்களும் அவர் போன வழியே போனார்கள்.

இவ்வளவும் ஃபிராங்கிய அரசவையின் ஆண்டுக் குறிப்புகளில், லத்தீன் மொழியில், வென்றவர் பக்கமிருந்து எழுதப்பட்டிருக்கிறது. தோற்றவர்களுக்கு அன்று எழுத்து கிடையாது. ஓலையோ தோலோ கல்லோ எதிலும் அவர்கள் ஒரு வரி எழுதிவைக்கவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தை அவர்களும் பதிந்துதான் வைத்திருக்கிறார்கள், ஒரே ஒரு சொல்லில். பாலம் கட்டிக் கடந்து வந்தவர் பெயர் கார்ல். பாடப்புத்தகத்தில் நாம் படித்த சார்லமேன் அவர்தான். இன்று பிராகிலிருந்து விளாதிவொஸ்தோக் வரை ஸ்லாவிய மொழிகளில் ‘அரசன்’ என்பதற்குப் புழங்கும் சொல் அவருடைய பெயர்.

சென்ற இதழில் ரொட்டியைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல் ஜெர்மானியர் வீட்டு அடுப்பிலிருந்து வந்ததைப் பார்த்தோம். இந்தச் சொல் வந்ததும் அதே திசையிலிருந்துதான். ரொட்டி பண்டமாற்றில் வந்தது. இது வாள்முனையில் வந்தது.

மொழியியலாளர் இந்தச் சொல்லை *கோர்லி என்று எழுதுவார்கள். முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறிக்குப் பொருள், ‘எந்தச் சுவடியிலும் இந்த வடிவம் நேரில் கிடைக்கவில்லை, வாரிசு மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது’ என்பது. 19ஆம் நூற்றாண்டில் அவுகுஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த வழக்கத்தைப் பரப்பினார். கடைசியில் நிற்கும் இகரத்தை முழுசாக உச்சரித்துவிடக் கூடாது. அது ஒரு மாத்திரைகூட நிரம்பாத இகரம். இதை விளக்க ஐரோப்பிய நூல்கள் அரைப் பக்கம் செலவழிக்கும். நமக்கு ஒரு வார்த்தை போதும்: குற்றியலிகரம் மாதிரி.

கார்ல் வருவதற்கு முன் ஸ்லாவியர் அரசனை என்னவென்று சொன்னார்கள் என்று கேட்டால், அப்படி ஒருவர் அவர்களிடம் இல்லை என்பதுதான் விடையாகக் கிடைக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், ஸ்லாவியர் ஒரே ஆளின் ஆட்சிக்குக் கீழ் இருப்பதில்லை, காரியங்களைக் கூடிப் பேசியே முடிவுசெய்கிறார்கள் என்று வியப்போடு குறித்திருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் அவர்களை முதன்முதலாக ஒன்றுதிரட்டி அரசாண்டவர் சாமோ. அவரும் ஸ்லாவியர் அல்லர், ஃபிராங்கிய நாட்டிலிருந்து வந்த வணிகர் என்று ஃபிரெடகாரின் பெயரில் வழங்கும் வரலாற்று நூல் சொல்கிறது.

மொழியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. லத்தீனின் ‘ரெக்ஸ்’, சமஸ்கிருதத்தின் ‘ராஜன்’ எல்லாம் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. ராஜா என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்தச் சொல்தான். அதே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஸ்லாவியத்தில் அந்த வேரிலிருந்து அரசனுக்கு ஒரு சொல் மிஞ்சவில்லை. ஆள்பவரைச் சுட்டும் அவர்களுடைய பெரிய சொற்கள் மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. குறுநில மன்னரைச் சுட்டும் ‘க்னியாஸ்’, ஜெர்மானியரின் ‘குனிங்’ என்பதன் திரிபு. ஆங்கிலத்தின் ‘கிங்’ அதன் உடன்பிறப்பு. ‘ஜார்’ என்பது சீசர் என்ற ரோமானியரின் பெயர். மூன்றாவது, நம் கார்ல்.

இரண்டு ஆட்களின் பெயர்கள் இப்படிப் பட்டங்களாகிவிட்டன. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சீசரின் பெயரைப் பட்டமாக்கியவர்கள் ரோமானியர்களே. ஆண்டவர்கள் தாங்களே சூட்டிக்கொண்டது அது. கார்லின் பெயரைப் பட்டமாக்கியது அவருடைய சொந்த மக்கள் அல்லர். எந்த ஃபிராங்கியரும் அரசனுக்கு ‘ஒரு கார்ல்’ என்று சொன்னதில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து அவரைப் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். இந்தச் சொல்லை நான் திரும்பத் திரும்ப நினைப்பதற்குக் காரணம் அதுதான். ஒரு பேரரசு தன் வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு அவர்களே விட்டுச்சென்ற வாக்குமூலம் இது.

அந்த வேலியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 805ஆம் ஆண்டு, கார்ல் பேரரசராக முடிசூடி ஐந்தாண்டு கழித்து, தியோன்வில் அரண்மனையிலிருந்து ஒரு ஆணை பிறந்தது. ஸ்லாவியர், அவார்கள் நாடுகளுக்குப் போகும் வணிகர்கள் எந்த ஊர்வரை சரக்கோடு போகலாம் என்று அதில் ஊர் ஊராகப் பட்டியல் இருக்கிறது. வடக்கே பார்டோவீக்கில் தொடங்கி மாக்டபுர்க், எர்ஃபுர்ட், ஃபோர்ஹைம், ரேகன்ஸ்புர்க் என்று தெற்கே இறங்கி லோர்ஹில் முடிகிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொறுப்பாளர். மாக்டபுர்குக்கு ஐத்தோ என்பவர். ஆயுதங்களையும் இரும்புக் கவசச் சட்டைகளையும் விற்கக் கூடாது. கொண்டுபோய் அகப்பட்டால் உடைமை முழுவதும் பறிமுதல். அதில் பாதி அரண்மனைக்கு, மீதிப் பாதி அதிகாரிக்கும் பிடித்துக்கொடுத்தவருக்கும்.

மாக்டபுர்க் கரையில் தோலும் தேன்மெழுகும் கொண்டுவந்து நிற்கும் ஒரு ஸ்லாவியரை நினைத்துப் பாருங்கள். வண்டியைச் சோதிக்கிறார்கள். யார் ஆணை? கார்லின் ஆணை. வாள் ஏன் விற்க மாட்டேன் என்கிறீர்கள்? கார்ல் தடுத்திருக்கிறார். போன ஆண்டு வந்த படை யாருடையது? கார்லுடையது. சில சமயம் அது தந்தை கார்ல், சில சமயம் அதே பெயர் கொண்ட மகன் கார்ல். 805இல் பொஹீமியாவுக்குள் நுழைந்த படைகளுக்கும் 806இல் சோர்பியர் என்ற ஸ்லாவியக் குலத்தார்மேல் பாய்ந்த படைக்கும் தலைமை மகனுடையது. தந்தை 814 ஜனவரி 28 அன்று ஆகெனில் இறந்தார். அவருக்குப் பின்னும் வழுக்கைத்தலைக் கார்ல், பருத்த கார்ல் என்று வம்சத்தில் அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. மூன்று தலைமுறையாக ‘அங்கே ஆள்பவர் யார்’ என்ற கேள்விக்கு ஒரே பதில் வந்தால், பெயர் எங்கே முடிகிறது, பதவி எங்கே தொடங்குகிறது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் உண்டு. கார்லின் பெயரே ‘ஆண்பிள்ளை, குடியானவன்’ என்று பொருள்படும் ஒரு பழைய ஜெர்மானியச் சொல். ஜெர்மனில் இன்றும் ‘கெர்ல்’ என்றால் ஆள், பயல். ஆங்கிலத்தில் அது ‘சர்ல்’ ஆகி, பண்பில்லாத நாட்டுப்புறத்தான் என்ற இழிபொருளுக்கு இறங்கிவிட்டது. ஸ்லாவியர் கடன்வாங்கியது அந்தப் பொதுச்சொல்லைத்தான், ஆளின் பெயரை அல்ல என்று ஒரு சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ‘குடியானவன்’ என்ற சொல் தானாக ஒரே தாவலில் அரசன் ஆவதற்கு வழி தெரியவில்லை. நடுவில் கார்ல் என்ற மனிதர் நின்றால்தான் பாதை தெளிகிறது. அப்படி நிற்கும்போது கிடைக்கும் காட்சியைப் பாருங்கள். ஒரே சொல், மேற்கே தெருவில் போகிற பயலாக நின்றுவிட்டது. கிழக்கே கிரீடம் வைத்துக்கொண்டது.

இனி வருவது இந்தத் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

‘அரசன்’ என்பதை ரஷ்யர் கொரோல் என்கிறார்கள். போலந்துக்காரர் க்ருல் என்கிறார்கள்; எழுத்தில் ஒகரம், வாயில் உகரம். செக் மொழியில் க்ரால். செர்பியர், குரோவாசியர், ஸ்லோவீனியர் க்ரால்ய், பல்கேரியர் க்ரால். கேட்க ஆளுக்கொரு விதம். ஆனால் மாட்டைக் கேட்டுப் பாருங்கள். பசு ரஷ்யனில் கொரோவா, போலிஷில் க்ரோவா, செக்கிலும் செர்பியனிலும் க்ராவா. கோட்டை நகரத்தைக் கேட்டுப் பாருங்கள். ரஷ்ய நோவ்கொரோதில் இருப்பது கொரோத். பெல்கிரேடை அவ்வூர்க்காரர் சொல்லும் பெயரில் இருப்பது க்ராத். நாம் பத்திரிகையில் படித்துப் பழகிய ஸ்டாலின்கிராடில் உள்ள ‘கிராட்’ தெற்கு ஸ்லாவிய வடிவம். திருச்சபை மொழி வழியாக ரஷ்யனுக்குள் வந்தது. ஆக, அரசனும் பசுவும் கோட்டையும் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன.

காரணம் இது. பழைய ஸ்லாவியத்தில் ஒரு கட்டத்தில் எல்லா அசைகளும் உயிரில்தான் முடிய வேண்டும் என்றொரு கட்டாயம் வந்தது. ‘கோர்’ என்று ரகர ஒற்றில் மூடிக்கொள்ளும் அசையை நாக்கு பொறுத்துக்கொள்ளவில்லை. ரத்னத்தை இரத்தினமாக்கி இளக்கிக்கொண்ட தமிழ் நாக்குக்கு இந்தச் சங்கடம் புரியும். கிழக்கே இருந்தவர்கள் ரகரத்துக்குப் பின்னால் இன்னொரு உயிரைச் சேர்த்துக்கொண்டார்கள்: கோர் என்பது கொரோ ஆயிற்று. போலந்துப் பக்கம் இருந்தவர்கள் இரண்டு ஒலிகளையும் இடம் மாற்றினார்கள்: க்ரோ. தெற்கே இருந்தவர்களும் செக் மக்களும் இடத்தையும் மாற்றி, ஒகரத்தை ஆகாரமாக்கினார்கள்: க்ரா.

பசுவும் கோட்டையும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அவர்களோடு இருந்த சொற்கள். அவை சேர்ந்து மாறியதில் ஆச்சரியம் இல்லை. கார்ல் 768இல்தான் அரியணை ஏறினார். அவருடைய பெயரும் அதே மாற்றத்துக்கு உள்ளாகியிருக்கிறது என்றால், அந்தப் பெயர் ஸ்லாவியருக்குள் நுழைந்தபோது மாற்றம் இன்னும் முடியவில்லை. எழுத்தில்லாத ஒரு மொழியின் வரலாற்றில் ஆண்டுக்கணக்கு சொல்ல முடிவது அபூர்வம். இங்கே ஒரு மனிதரின் ஆயுள் நமக்கு அளவுகோலாகக் கிடைத்துவிட்டது. ஏறத்தாழ 800ஆம் ஆண்டில், எல்பே கரையிலிருந்து கிரேக்க மலைகள் வரை சிதறிப்போயிருந்த ஸ்லாவியர் பேச்சு இன்னும் ஒரே மொழியாக இருந்தது; அல்லது ஒரு முனையில் வந்த சொல் மறு முனைவரை போய்ச் சேர்ந்து அங்கங்கே உள்ள ஒலிவிதிக்கு உட்படும் அளவுக்கு நெருக்கமாகவாவது இருந்தது.

இதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. கார்லின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட், அவர் அடக்கிய கிழக்கத்திக் குலங்களைப் பற்றிச் சொல்லும்போது, பழக்கத்திலும் உடையிலும் வெவ்வேறாக இருந்தாலும் பேச்சில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறார்கள் என்கிறார். கிரீஸில் கார்திகி என்ற பெயரில் ஊர்கள் இருக்கின்றன. அதுவும் கோட்டை என்ற அதே ஸ்லாவியச் சொல்தான். ஆனால் அதில் ரகரம் இடம் மாறவில்லை. மாற்றம் நடப்பதற்கு முன்பே ஸ்லாவியர் அங்கே போய்க் குடியேறி ஊருக்குப் பெயரிட்டு, கிரேக்கர் அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு 863இல் தெசலோனிகியைச் சேர்ந்த கான்ஸ்டன்டைன், மெத்தோதி என்ற சகோதரர்கள் மொராவியாவுக்குப் போய்ச் சமயம் போதித்தார்கள். அவர்கள் கொண்டுபோனது தங்கள் ஊர்ப்புறத்து ஸ்லாவியப் பேச்சு. அது ஆயிரம் கிலோமீட்டருக்கு வடக்கே இருந்த மக்களுக்குப் புரிந்தது. பைபிள் மொழிபெயர்ப்பு அந்தப் புரிதலின் மேல்தான் நின்றது.

சொல் வந்துவிட்டது, அரசர்கள் பின்னால் வந்தார்கள். போலந்தில் போலெஸ்வாவ் 1025இல் முடிசூடி அதே ஆண்டில் இறந்தார். செர்பியாவில் ஸ்தெஃபான் 1217இல் முடிசூடினார். ‘முதலில் முடிசூடியவர்’ என்பதே அவருக்கு அடைமொழி. 1253இல் ஹாலிச் நாட்டின் தானிலோவுக்குப் போப்பின் தூதர் முடிசூட்டினார். அவ்வூர் ஆண்டுக் குறிப்புகள் அதற்குப் பின் அவரைக் கொரோல் என்று அழைக்கத் தொடங்கின.

தானிலோவின் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரஷ்ய மண்ணில் கொரோல் என்றால் மேற்கத்தி அரசர், போப் கையால் முடி வாங்குகிறவர். மாஸ்கோவின் ஆட்சியாளர்கள் ஒருவர்கூடத் தங்களைக் கொரோல் என்று சொல்லிக்கொண்டதில்லை. 1547இல் நான்காம் இவான் முடிசூடியபோது எடுத்துக்கொண்டது ஜார் பட்டம். செர்பியாவிலும் இதே படிநிலைதான். ஸ்தெஃபான் துஷான் 1331இல் க்ரால்ய் ஆனவர், 1346இல் ஸ்கோப்யேயில் ஜார் ஆனார். கார்லிலிருந்து சீசருக்கு ஒரு படி ஏற்றம். எல்பே கரையில் உலகத்தின் உச்சமாகத் தெரிந்த பெயர், கான்ஸ்டான்டினோபிளை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இரண்டாம் இடம்தான்.

அண்டை வீட்டார் இந்தச் சொல்லை விட்டுவைக்கவில்லை. ஹங்கேரியர் ‘கிராய்’ என்று வாங்கிக்கொண்டார்கள். சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது அவர்களுக்கும் பிடிக்காததால் நடுவில் ஓர் இகரம் புகுந்தது. லிதுவேனியருக்குக் கராலியுஸ், லாத்வியருக்குக் கராலிஸ், ருமேனியருக்குக் க்ராய், துருக்கியருக்குக் க்ரால். ஹங்கேரியில் கடைசியாக முடிசூடிய அரசர், 1916 டிசம்பர் 30இல், நான்காம் காரொய். கார்ல் என்ற பெயரின் ஹங்கேரிய வடிவம் அது. ‘காரொய் கிராய்’ என்று மக்கள் வாழ்த்தியபோது ஒரே பெயர் இரு வழியாக வந்து சந்தித்துக்கொண்டது.

முயல் கதையைச் சொல்லாமல் விட முடியாது. லத்தீனில் வளைமுயலுக்குக் ‘குனிக்குலுஸ்’ என்று பெயர். அது ஜெர்மானியர் வாயில் ‘க்யூனிக்லீன்’ என்று திரிந்தது. கேட்டவர்களுக்கு அது ‘சின்ன அரசன்’ என்று ஒலித்தது. போலந்துக்காரரும் செக் மக்களும் அதைப் பொருள் மாற்றி எடுத்துக்கொண்டார்கள். போலிஷில் முயல் ‘க்ருலிக்’, செக்கில் ‘க்ராலீக்’, இரண்டுக்கும் நேர்ப்பொருள் குட்டி அரசன். ரஷ்யக் குழந்தைகள் முயலை ‘க்ரோலிக்’ என்பார்கள். இங்கே நில்லுங்கள். ரஷ்யனில் விதிப்படி ‘கொரோ’ அல்லவா வர வேண்டும்? பசு கொரோவா, அரசன் கொரோல். முயல் மட்டும் ஏன் க்ரோ? அந்த ஒரு ஒகரக் குறைவு போதும், இந்தச் சொல் போலந்திலிருந்து எல்லை தாண்டி வந்தது என்று கண்டுபிடிக்க. உள்ளூரிலேயே பிறந்த ‘கொரோல்யோக்’ என்ற சொல்லும் ரஷ்யனில் உண்டு, குட்டி அரசன் என்ற அதே பொருளில். அது தலையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு சின்னஞ்சிறு பறவைக்குப் பெயர்.

ஊர்களுக்குள்ளும் கார்ல் புகுந்திருக்கிறார். பால்டிக் கரையில் 1255இல் ஒரு கோட்டை எழுந்தது. பொஹீமிய அரசர் இரண்டாம் ஒட்டோகாரைக் கௌரவித்து அதற்குக் கோனிக்ஸ்பெர்க், அரசமலை, என்று பெயரிட்டார்கள். போலந்துக்காரர் அதை க்ருலெவியெத்ஸ் ஆக்கினார்கள், லிதுவேனியர் கராலியௌச்சுஸ் ஆக்கினார்கள். 1946இல் சோவியத் அரசு அதைக் கலினின்கிராட் என்று மாற்றியது. 2023 மே மாதம் போலந்தின் அரசுக் குழு, போலிஷில் இனி க்ருலெவியெத்ஸ் என்றே எழுதலாம் என்று பரிந்துரைக்க, மாஸ்கோ சீறியது. மாஸ்கோவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கலினின்கிராட் இருந்தது. ராக்கெட் தொழில்நுட்பத்தின் ஊர். 1996இல் அதன் பெயரைக் கொரோல்யோவ் என்று மாற்றினார்கள். ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பிய தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரோல்யோவின் நினைவாக. 1966இல் இறக்கும்வரை அவர் பெயரை வெளியுலகத்துக்குச் சொல்லாமலே வைத்திருந்தார்கள். அந்தக் குடும்பப்பெயருக்குள்ளும் ஓர் அரசர் இருந்தார்.

பிராக் நகரத்தில் கல்லில் எழுந்த வெடிமருந்துக் கோபுரத்தடியில் தொடங்கும் வழிக்கு ‘க்ராலோவ்ஸ்கா செஸ்தா’ என்று பெயர். அரசர் பாதை. முடிசூடப் போகும் பொஹீமிய அரசர்கள் அந்த வழியாகத்தான் கோட்டைக்குப் போனார்கள். பழைய நகரச் சதுக்கத்தைத் தாண்டினால் கார்லோவா தெரு வரும். அது வளைந்து வளைந்து ஆற்றங்கரையில் கொண்டுபோய் விடும். அங்கே நிற்கிறது 516 மீட்டர் நீளக் கல்பாலம், கார்லூவ் மோஸ்ட். 1357இல் கட்டத் தொடங்கியவர் நான்காம் கார்ல். பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் வாத்ஸ்லாவ். ஏழு வயதில் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் அங்கே கார்ல் என்ற பெயரை ஏற்றுக்கொண்டான். அரசரான பின் அந்தப் பெயரின் மூலவரை அவர் மறக்கவில்லை. பிராகின் ஒரு மேட்டில் சார்லமேனையும் சேர்த்து வணங்க 1350இல் ஒரு தேவாலயம் நிறுவினார். ஆகெனில் சார்லமேன் கட்டிய ஆலயத்தைப் போல அதற்கும் எட்டுப் பட்டை.

அந்த மனிதரைச் செக் மக்கள் ‘க்ரால் காரெல்’ என்கிறார்கள். கார்ல் அரசர். முதல் சொல் 800ஐ ஒட்டிப் படையோடு மேற்கிலிருந்து எல்லையைத் தாண்டி வந்த பெயர். ஒலிவிதியில் அடிபட்டு, ரகரம் இடம் மாறி, ஆகாரம் ஏறி, ஆளடையாளம் இழந்து பட்டமானது. இரண்டாவது சொல் ஐந்நூறு ஆண்டு கழித்துப் பாரிஸிலிருந்து ஒரு சிறுவனோடு வந்த அதே பெயர். அதற்கு ஒரு கீறலும் இல்லை. அரசர் பாதையில் நடப்பவர்கள் கார்ல் தெருவில் திரும்பிக் கார்ல் பாலத்தில் ஏறுகிறார்கள்.

(தொடரும்)